சிவப்புத் துணி அடுப்படிக்கு வராது

ஸ்டோருக்குள் நுழைய எனக்கு
ஏழு நிமிடம் ஆகிறது.
செருப்பை வெளியே விட்டு உள்செருப்பு மாட்டி
தலைக்கு ஒரு வலை, மீசைக்கு ஒரு வலை,
முழங்காலால் தள்ளத் திறக்கும் குழாயில்
விரலிடுக்கு வரை சவர்க்காரம்.
தூள் கப்பலேறப் போகிறது.
என் மயிர் ஒன்று அதில் விழுந்தால்
எங்கோ ஒரு நாட்டில் யாரோ
கடிதம் எழுதுவார்களாம்.
டீமேக்கர் சொன்னார்.

சுவரில் மூன்று கொக்கி.
சிவப்புத் துணி கக்கூசுக்கு.
நீலம் தரைக்கு.
பச்சை, தூள் படும் தட்டுகளுக்கு மட்டும்.
மாற்றித் தொட்டால் அரைப்பேர்.

கார்த்திகையில் சின்னவளுக்கு
மூன்றாம் தடவையாக வயிறு போனது.
பொகவந்தலாவை ஆஸ்பத்திரியில்
ஜீவனி கரைத்துக்கொண்டே நர்ஸ் கேட்டாள்:
பாத்திரம் துடைக்கிற துணி
கடைசியாக எப்போது காய்ந்தது?
யோசித்தேன்.
எங்கள் தோட்டத்தில் வைகாசிக்குப் பிறகு
எதுவும் காய்ந்ததாக ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்து முகர்ந்து பார்த்தேன்.
கோப்பை துடைத்ததும் அதுவே,
பிள்ளையின் வாய் துடைத்ததும் அதுவே,
சட்டி இறக்கியதும் அதுவே.
பூனை கக்கியதை அதாலேயே துடைத்தது யார்
என்று கேட்காதீர்கள்.
நான்தான்.

தீபாவளிக்குத் தீபாவளி சுண்ணாம்பு அடிப்போம்.
வந்தவர்கள் மூக்கை உறிஞ்சி
'என்னா சுத்தம்' என்பார்கள்.
அடுப்படி மூலையில் அந்தத் துணி
ஈரமாகக் கிடந்து கேட்டிருக்கும்.

அன்றிரவே கிழித்தேன்.
மே தினத்துக்குக் கொடுத்த டீசேர்ட், சிவப்பு
(எந்தச் சங்கம் என்று சொல்லமாட்டேன்).
யோகராணியின் நைந்த பாவாடை, நீலம்.
பெரியவளின் விளையாட்டுப் போட்டிச் சட்டை, பச்சை.
இஸ்தோப்பில் இரண்டு ஆணி.
பச்சைக்கு மட்டும் அடுப்புக்கு மேலே கம்பி,
ராத்திரி கொதிநீர், விடிய மொறுமொறுப்பு.
அடுத்த காம்பரா பாக்கியநாதன் எட்டிப் பார்த்தான்.
'வீட்லயும் ஸ்டோர் வேலையா?
ஓட்டி போடுவாங்களா?'

இரண்டு மாதம். வயிறு போகவில்லை.
கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.
ஒரு மாலை, நனைந்த படங்கோடு வந்த யோகராணியை
வாசலிலேயே மறித்து
'கையைக் கழுவிட்டு உள்ள வா' என்றேன்
டீமேக்கரின் குரலில்.

அவள் கையை விரித்தாள்.
கொழுந்துக் கறை வெடிப்பில் இறங்கி
ரேகையெல்லாம் கறுப்பு.
'ஒம்பதாம் நம்பர் மலையில
கக்கூசு எங்க இருக்கு, சொல்லு.
பதினோரு பேரு.
ஒருத்தி காவல் நிக்க ஒருத்தி போறோம்.
கழுவத் தண்ணி இல்ல.
அந்தக் கையாலதான் ரொட்டியப் பிச்சுத் திங்கிறோம்.
அந்தக் கையாலதான் கொழுந்து.
அந்தக் கொழுந்துக்குத்தான்
நீ மீசைக்கு வலை கட்டுற.'

சொல்லிவிட்டு
பீலிக்குப் போய்க் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.
நான் வாசலிலேயே நின்றேன்.

ஐந்து லீட்டர் எண்ணெய்க் கேன்.
ஆணியைக் காய்ச்சிக் கழுத்தில் ஓட்டை.
அரைக்கட்டிச் சவர்க்காரம்
சின்னவளின் ஒற்றைக் காலுறைக்குள்.
திங்கட்கிழமை பிரட்டுக்கு முன்னால்
நானே சுமந்து ஏறிச்
சவுக்குமரக் கிளையில் கட்டினேன்.
கயிற்றை இழுத்தால் சாயும்.
கங்காணி வந்தார், பார்த்தார்,
வாயைத் திறக்கவில்லை.
அவரும் கழுவினார்.

பத்து மணிக்கே தண்ணீர் முடிந்துவிட்டதாம்.
'பெரிய கேன் கிடைக்குமா?'

வெள்ளிக்கிழமை காலுறையை உதறினாள்.
நகம் போல ஒரு சில்லு விழுந்தது.
இழுக்கும் கயிறு மட்டும்
பதினோரு பேர் கைபட்டுக் கறுத்திருந்தது.
அதை அவிழ்த்துக் கொதிநீரில் போட்டேன்.
பச்சைத் துணியோடு அல்ல,
தனியாக.